போன பிறவியின் கொடிக்கால்

நம் யாருடைய பாட்டன் பூட்டனும் பார்த்திராத காலத்தில் வெண்ணாவல் நாட்டை மானவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாகக் காதில் ஓதியவர் சொன்னதே அன்றைய நியாயம்.

அவன் தகப்பன் இறந்தபோது, தம்மசேனர் என்ற பிக்கு வந்து ஆறுதல் சொன்னார். "கலங்காதே அரசே. தியானத்தில் கண்டேன். உன் தந்தை இதே நகரத்தில் குழந்தையாகப் பிறக்கப்போகிறார்."

ராஜாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. அன்றுமுதல் பிக்கு கிழித்த கோட்டை அவன் தாண்டவில்லை. வழக்குகளைக்கூட முற்பிறப்பைப் பார்த்தே தீர்த்தான். போன பிறவியில் ஒரு பொருள் யாருடையதோ, இந்தப் பிறவியிலும் அது அவருக்கே சொந்தம் என்று சட்டமே போட்டுவிட்டான். இப்படி ஒரு சட்டம் வந்தால் யாருக்குக் கொண்டாட்டம் என்று சொல்லவா வேண்டும்?

பண்டகசாலைத் தலைவன் கோட்டாறன் சபைக்கு வந்தான். ஆற்றங்கரையில் வெள்ளச்சி என்ற விதவையின் வெற்றிலைக் கொடிக்கால்மேல் அவனுக்கு வெகுநாளாகவே ஒரு கண். "போன பிறவியில் அது என்னுடையது. இவள்தான் என்னை ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டாள்" என்றான்.

பிக்கு கண்ணை மூடினார், திறந்தார். "உண்மை. அந்தப் பாவம்தான் பாம்பாக வந்து இவள் மகனைத் தீண்டியது."

கொடிக்காலுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்த வெள்ளச்சி அப்படியே நின்றுவிட்டாள். அமைச்சர் அழிசி அவள் முகத்தைப் பார்த்தார். நிலத்தைப் பறிப்பது போதாதென்று செத்த பிள்ளையையும் அவள் தலையில் கட்டிவிட்டார்களே என்று பொறுக்காமல் எழுந்தார்.

"அடிகளே, ஒரு சந்தேகம். நிலையான ஆன்மா என்று எதுவும் இல்லை என்பதுதானே உங்கள் போதனை? அப்படியானால் அன்று பிடுங்கியவள் யார், இன்று கொடுக்கவேண்டியவள் யார்?"

"ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிறோம், அமைச்சரே. சுடர் தொடர்கிறது. அது அதே சுடரும் இல்லை, வேறு சுடரும் இல்லை."

"தொடரட்டும். ஆனால் முதல் விளக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயை இரண்டாம் விளக்கு தன்னுடையது என்று கேட்குமா?"

சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோட்டாறனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அமைச்சருக்கு அந்தக் கொடிக்காலின்மேல் என்ன அக்கறையோ! வெற்றிலை வீட்டுக்கே வருகிறதோ என்னவோ!"

"போதும்!" என்றான் ராஜா. "என் தந்தையின் மறுபிறப்பைச் சொன்ன வாய் பொய் சொல்லாது. பௌர்ணமியன்று அவள் கொடிக்காலை ஒப்படைக்கவேண்டும்."

ராஜாவின் நம்பிக்கைக்கு வேர் எங்கே இருக்கிறது என்பது அழிசிக்கு அப்போது புரிந்தது. எண்ணெயையும் திரியையும் பேசிப் பயனில்லை என்று வீட்டுக்குப் போனார்.

பௌர்ணமியன்று சபைக்கு வெளியே ஒரே அழுகைச் சத்தம். கதவைத் திறந்தால், கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தொட்டில் கடைபோலாகிவிட்டது ராஜசபை.

"என்ன கூத்து இது, அமைச்சரே?"

"இன்னொரு வழக்கு, அரசே. உங்கள் தந்தை காலமான பிறகு நகரத்தில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். இவர்களில் ஒருவர் அவர்தானே? உங்கள் சட்டப்படி சிங்காதனம் அவருக்குச் சொந்தம். யார் என்று அடிகள் காட்டட்டும், தூக்கி உட்காரவைத்துவிடுவோம்."

"ராஜத்துரோகம்!" என்று கத்தினான் கோட்டாறன்.

"இல்லையப்பா, உன் வழக்கின் தம்பிதான் இது" என்றார் அழிசி.

ராஜா சிரித்தான். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. அவன் கை உடைவாளின் பிடியைத் தேடிப்போனது. "காட்டுங்கள் அடிகளே. எந்தக் குழந்தை?"

தாய்மார்களுக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகளை முந்தானைக்குள் மறைத்தார்கள். புழு பூச்சி சாகுமே என்று குடிக்கிற தண்ணீரையும் வடிகட்டிக் குடிக்கிறவர் தம்மசேனர். அவர் ஒரு குழந்தையைக் காட்டிக் கொடுக்கமாட்டார் என்று நம்பித்தான் அழிசி இத்தனை பிள்ளைகளையும் இங்கே கூட்டிவந்தார். கௌரவத்துக்காக அவர் விரலை நீட்டிவிட்டால்? அப்படி நடந்தால் தன்னை மன்னிக்கவே முடியாது என்று அழிசிக்குத் தெரியும்.

பிக்கு ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்துக்கொண்டே போனார். விரல் எழவில்லை.

"எனக்குத் தெரியாது, அரசே."

"தியானத்தில் கண்டதாகச் சொன்னீர்களே!"

"கண்ணை மூடினேன். இருட்டுத் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிகிற அதே இருட்டு. நீ அழுதாய், தாங்கமுடியாமல் ஏதோ சொன்னேன். பிறகு நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று நான் படித்திருக்கிறேன். பார்த்ததில்லை."

ராஜாவின் கை வாளைவிட்டு நழுவியது. இரண்டாம் முறையாகத் தகப்பனைப் பறிகொடுத்தவனாக எழுந்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அழிசியின் கழுத்தில் போட்டான். "அந்தச் சட்டம் இன்றோடு ஒழிந்தது. கொடிக்கால் வெள்ளச்சிக்கே. கோட்டாறனுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை என்றால், கோடை முடியும்வரை அவனே போய்த் தண்ணீர் இறைத்து ஊற்றட்டும்."

சபை சிரித்தது. கோட்டாறன் தலையைத் தொங்கப்போட்டான். வெள்ளச்சி சிரிக்கவில்லை. நேரே பிக்குவிடம் போனாள்.

"சாமி, கொடிக்கா கெடக்கட்டும். எம்புள்ளைய பாம்பு கடிச்சது நான் செஞ்ச பாவத்தால இல்லையா?"

துறவிகள் இல்லறத்தாரை வணங்குவது வழக்கமில்லை. தம்மசேனர் எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இல்லை, தாயே. புல்லுக்குள் பாம்பு கிடந்தது. பிள்ளை தெரியாமல் மிதித்துவிட்டான்."

வெள்ளச்சி அங்கேயே தரையில் உட்கார்ந்து, மகன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள்.