சூடு ஆறாத பாறை

இலவங்காயைக் கடித்துப் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தது செம்பி என்ற அணில். கூட்டில் கண் திறக்காத குட்டிகள் இரண்டு. போன ஈற்றுக் குட்டிகளைப் புலிராஜா விளையாட்டாக மிதித்தே கொன்றிருந்தது.

இப்போது புலி இல்லை. காடே சேர்ந்து துரத்திவிட்டது. ஆனால் குளத்தங்கரையில் அது உட்கார்ந்த பாறை மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல, மூட்டமான நாளிலும் சுட்டது.

பாறைக்கு எதிரே ஒரு பட்டுப்போன மருதமரம். அதில்தான் காட்டின் புதுச் சட்டத்தை மரங்கொத்தி வரிவரியாகக் கொத்தியது.

"இனி ராஜா வேண்டாம், தலைவர் போதும்! நம்ம யானையண்ணன்தான்!" என்றது கரடி.

யானை கூச்சத்தோடு பாறையில் ஏறியது.

"சட்டம் முடிஞ்சுதா?" என்றது மரங்கொத்தி.

செம்பிக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. பஞ்சும் கையுமாக முன்னால் வந்தது.

"இன்னும் ஒரு வரி வேணும். தலைவர் நினைச்சபடி யாரையும் தண்டிக்கக் கூடாது. நாலு மழைக்காலம் கழிஞ்சா இறங்கிடணும்."

"தங்கமான அண்ணனையா சந்தேகப்படுறே?" கரடி சீறியது.

"வெள்ளத்துல உன்னை முதுகுல ஏத்திக் காப்பாத்தினது யாருடி?" என்றது மான்.

"அவருதான் அக்கா. அதை மறப்பேனா?" செம்பி குளத்தைப் பார்த்தது. தண்ணீரில் யானையின் நிழல் தெரிந்தது. அதன் முதுகில் கறுப்புக் கறுப்பாகப் புலிவரிகள்! "ஆனா அந்தப் பாறையில யார் உட்கார்ந்தாலும்..."

"ஏய் இரையே! இங்கே வா!"

காடு உறைந்துபோனது. புலி மட்டும்தான் எல்லோரையும் அப்படிக் கூப்பிடும். அதே குரல்!

செம்பியின் கைப்பஞ்சு பறந்தது. திரும்பிப் பார்த்தால், திறந்திருந்தது யானையின் வாய்.

"கூப்பிட்டது நானா?" யானை நடுங்கியது. "'பயப்படாம இங்கே வாம்மா'ன்னுதானே சொல்ல வந்தேன்!"

கரடி தரையைப் பார்த்தது.

யானை தடதடவென்று இறங்கியது. "செம்பி சொன்ன வரியைக் கொத்துப்பா! ஆழமாக் கொத்து! அதுவரைக்கும் நான் இதுல ஏறமாட்டேன்."

டொக்! டொக்! ஒவ்வொரு கொத்துக்கும் பாறைக்குள்ளே ஏதோ உறுமியது. கடைசிக் கொத்தோடு அடங்கிவிட்டது.

செம்பி மெல்லக் கால் வைத்துப் பார்த்தது. பாறை குளிர்ந்திருந்தது.

ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அதிகாரத்தைக் கையில் கொடுக்கும் முன்பே அதற்கு எல்லை எழுதிவிட வேண்டும்.