ஒரே அண்டாக் குழம்பு

ஒரே கொட்டகையில் வளர்ந்த அநாதைப் பிள்ளைகள் முப்பது பேருக்கும் சமைத்துப் போட்டவள் பேச்சியம்மாள். பத்துப் பிள்ளைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு அம்மா என்று அமைக்க நினைத்தாள். பண்ணையார் சிவனணைந்த பெருமாளிடம் போய் நிலம் கேட்டாள்.

"ஒரு கொட்டகை, ஒரு அண்டா போதாதா? வீட்டுல அப்படி என்னட்டி இருக்கு? நான் சாப்பிட்டு எந்திரிக்கதுக்குள்ள காட்டு, நிலம் தாரேன். இல்லேன்னா கொட்டகைதான்" என்று சொல்லிவிட்டு, அவளோடு கொட்டகைக்கு வந்து அநாதைப் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்தார்.

"சரிங்கய்யா" என்றாள். எல்லா இலைக்கும் ஒரே அண்டாவிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டே போனாள்.

பண்ணையார் பதறி இலையைத் தள்ளினார். "ஏட்டி! கத்தரிக்கா தின்னா எனக்கு உடம்பெல்லாம் தடிக்குமே!"

"முப்பது பேருக்குக் கிண்டுதவளுக்கு அது எப்படித் தெரியும்யா?"

"என் வீட்டுல வந்து கேளு! எல்லாருக்கும் தெரியும்!"

"இந்தப் பிள்ளைகளும் அப்படிச் சொல்ல ஒரு வீடு வேணும்யா. அதைத்தான் கேட்டேன்."

பண்ணையார் பக்கத்து இலைச் சிறுமியிடம் குனிந்தார்.

"ஒனக்கு எது ஆகாது, தாயி?"

"தெரியாது தாத்தா. யாரும் கேட்டதில்ல."

கை கழுவும் முன்பே நிலத்தை எழுதித் தரச் சொல்லிவிட்டார். மூன்று வீடுகள் எழும்பின. அந்தச் சிறுமிக்குப் பாலாடை ஆகாது. அது இப்போது அவள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.