மத்தியானம் வரும் போன்

கோமதிநாயகத்துக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் குருவாக வரித்துக்கொண்ட ஆவுடையப்ப சாமிக்கோ ஐம்பதுகூட ஆகவில்லை. ஞானத்துக்கு ஏதய்யா மூப்பும் இளமையும்? சாமியின் ஆற்றங்கரை மடத்துக்குக் கோமதிநாயகம் வராத வெள்ளிக்கிழமை கிடையாது. வருவார், கும்பிடுவார், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார், போய்விடுவார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மனுஷர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகம். திருடன்னு தெரிஞ்சும் ஒருத்தனுக்குக் கதவைத் திறக்கலாமா?"

"எந்தத் திருடன், அண்ணாச்சி?"

சமாச்சாரம் இதுதான். நாலைந்து நாளாக மத்தியானத்தில் ஒருத்தன் போன் பண்ணுகிறான். பேங்கிலிருந்து பேசுகிறானாம், பெயர் பிரசன்னாவாம். கார்டு முடங்கப் போகிறது, போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னால் சரிசெய்து தருவேன் என்கிறான். மின்வாரியத்தில் காலமெல்லாம் கம்பம் ஏறி கோமதிநாயகம் சேர்த்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது. நாளைக்குப் படுக்கையில் விழுந்தால் அதுதான் அவருக்குப் பிள்ளை. பெற்ற பிள்ளை புனேயில் இருக்கிறான், தீபாவளிக்குத் தீபாவளி பேசுவான்.

"எந்த பேங்க்காரனும் போன்ல ஓடிபி கேக்க மாட்டான், அண்ணாச்சி."

"தெரியும் சாமி. பேப்பர்லதான் தினம் போடுதானே."

"பின்னே என்ன? எடுக்காம விட்டுர வேண்டியதுதானே?"

கோமதிநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முந்தாநாள் கண்ணாடியைக் காணோம்னு சமாளிச்சேன். நேத்து யோசிச்சுச் சொல்லுதேன்னேன். இன்னிக்குத்தான் கடைசின்னுட்டான். சொல்லலைன்னா நாளையிலேருந்து கூப்பிட மாட்டான் சாமி. அதான், சொல்லிரலாமான்னு தோணுது."

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. பாவம், சம்சாரம் போனதிலிருந்து அந்த வீட்டில் மிக்சி ஓடும் சத்தம்கூடக் கிடையாது.

சொல்லிவைத்தாற்போல் போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார் சாமி. "கணக்குல காலணா இல்லை, மகன் எடுத்துட்டான்னு சொல்லிப் பாருங்க."

"அப்பா, முட்டி வலி எப்படி இருக்கு? தைலம் தேய்ச்சீங்களா?" அடேயப்பா, குரலில் தேன் ஒழுகியது.

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "தேச்சேன்யா. இன்னிக்குத் தேவலை." பிறகுதான் சாமியின் ஞாபகம் வந்தது. "பிரசன்னா, கணக்குல ஒண்ணும் இல்லையே. எல்லாத்தையும் மகன் எடுத்துட்டான்."

"என்னது?"

"ஆமாய்யா. நீ சாப்பிட்டியா?"

"யோவ் கெழவா, இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

போனை வைத்துவிட்டான்.

கோமதிநாயகம் திரும்ப அடித்தார். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. இன்னொரு தடவையும் அடித்துப் பார்த்தார்.

சாமி மெல்லச் சொன்னார். "மீனுக்குப் பசிக்குதேன்னா தூண்டில்காரன் புழு மாட்டுதான், அண்ணாச்சி?"

"புழுன்னு தெரிஞ்சுதானே சாமி வாயைத் திறந்தேன்!" "பத்து வருசமா இங்க வாரேன். முட்டி வலிக்கான்னு நீங்க ஒரு நாளாவது கேட்டதுண்டா? அந்தக் களவாணிப்பய கேட்டான்."

சாமிக்குச் சுருக்கென்று தைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு எழுந்து உள்ளே போனார். தம்முடைய பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு வந்து கிழவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க போன் நம்பரைச் சொல்லுங்க."

கோமதிநாயகம் சொன்னார். சாமி ஒவ்வொன்றாக அழுத்திப் பதிந்துகொண்டார்.

"நாளைக்கு மத்தியானம் நான் கூப்பிடுதேன், அண்ணாச்சி."

"எதுக்கு சாமி?"

"எதுக்கும் இல்லை."