வளைந்து வந்த மாப்பிள்ளை

மொட்டைப்பாறை ஊரில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. விளைந்தால்தானே பஞ்சம் வரும்?

அந்த ஊர் வீரணன் மகள் பவளக்கொடிக்கு, கப்பலில் ரேடியோ வேலை பார்க்கிற தவசியைப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்த்துப் போனது அவன் அம்மா. மாப்பிள்ளை முகத்தை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. என்றைக்கு வந்து இறங்குவான் என்பதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவிலேயே சொல்வதாகத் தகவல். அதைக் கேட்டுத்தான் முகூர்த்தம் குறிக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே பவளக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து ஊர் இயற்பியல் டீச்சர் ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, பாவம், விளக்கமும் சொன்னார்.

"ரொம்ப உயரத்துல வெயில் பட்டு, காத்து மின் துகளாப் பிரிஞ்சு கிடக்கு. பிளாஸ்மான்னு பேரு. ரேடியோ அலை அதுக்குள்ள நுழையும்போது வளையும். வளைஞ்சு வளைஞ்சு நம்ம பக்கமே இறங்கிடும். அதான் கடல்ல பேசுறது மலை தாண்டி இங்க கேக்குது. குரல் வர்ற வரைக்கும் யாரும் சத்தம் போடாதீங்க."

டீச்சர் பஸ்ஸுக்குப் போனதும் ஆலோசனை தொடங்கியது.

"நுழையும்போது எதுக்கு வளையணும்?" என்றான் ஒச்சப்பன்.

"வாசல் குட்டையா இருக்கும். நிமிந்து போனா மண்டை இடிக்காதா?" என்றான் அவன் தம்பி பூச்சி.

"அம்புட்டுத் தூரம் வளைஞ்சு நெளிஞ்சு வர்ற சம்பந்தி வீட்டு அலையைச் சும்மாவா வரவேக்குறது? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் வீரணன்.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. பெட்டி கரகரத்தது.

"ஹலோ, நான் தவசி பேசுறேன். நான் வந்து சேருற தேதி..."

குரல்தான் வந்துவிட்டதே! மேளம் முழங்கியது. நாதசுரம் பிளிறியது. பெண்கள் குலவையிட்டு, பெட்டிக்கு ஆரத்தி சுற்றினார்கள். "அப்பா, தேதி! தேதி!" என்று பவளக்கொடி கத்தினாள். கல்யாணப் பெண் சத்தம் போடலாமா என்று அவளை அடக்கினார்கள்.

மேளம் ஓய்ந்தபோது பெட்டியும் ஓய்ந்திருந்தது. அவள் அழுதாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை என்று ஊருக்குப் பரம திருப்தி.

கொஞ்ச நாள் கழித்து, துணிப்பெட்டியும் கையுமாக ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான்.

"நான்தான் தவசி. சொன்ன தேதிக்கு வந்துட்டேன். பந்தலையே காணோமே?"

வீரணன் ஏற இறங்கப் பார்த்தார். "நிமிந்து வர்றீரே? எங்க மாப்பிள்ளை மேலயிருந்து வளைஞ்சு இறங்குறவரு. டீச்சரே சொல்லியிருக்கு."

கட்டிக்கொள்ள வந்த இடம், அவன் என்ன செய்வான்? கூரை மேல் ஏறி, முதுகை வளைத்து இறங்கினான். முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம்.

ஒச்சப்பன் விடவில்லை. "குரல்ல கரகரப்பு இல்லையே? ஆள் மாறாட்டம்டா! கயித்தை எடு!"

பவளக்கொடி ஓடிவந்தாள். "உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், தொண்டையைக் கரகரன்னு வச்சுப் பேசுங்க. இல்லேன்னா இந்த ஜென்மத்துல நமக்குக் கல்யாணம் இல்ல."

தவசி அவள் முகத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"கர்ர்ர்... ஹலோ... கர்ர்ர்... நான் தவசி பேசுறேன்..."

"எங்க மாப்பிள்ளையேதான்!" வீரணன் கண்ணீரோடு அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு அவன் காதைப் பிடித்து மெதுவாகத் திருகத் தொடங்கினார்.

"இருங்க மாப்பிள்ளை, ஸ்டேஷன் இன்னும் சரியா விழல."