கண் வைக்கிற வேலை

“அக்கோவ், என் பக்கம் மொத்தமா நின்னுபோச்சு!”

செவ்வந்தி போட்ட சத்தம் மிஷின் சத்தத்தைத் தாண்டி வந்தது.

ஒரு டிரம் நின்றது. ஓடிப்போய் முடிச்சுப் போட்டாள். அது ஓட ஆரம்பித்ததும் பக்கத்து டிரம் நின்றது. அதற்குப் போனாள். முதல் டிரம் மறுபடியும் நின்றது.

எதிர் வரிசையில் நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பக்கம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களாக்கா?” என்றான். “அந்தப் புள்ளைக்குக் கண்ணு வைக்கத் தெரியாதுங்க. நான் அப்பவே சொன்னேன்.”

மயிலாத்தா செவ்வந்தி பக்கம் நடந்தாள்.

அந்த மில்லில் கண் என்றால் நூல் போகிற சந்து.

கீழே சின்ன பாபின். மேலே பெரிய கோன். அதைச் சுழற்றுவது டிரம். பாபினிலிருந்து நூல் ஏறுகிற வழியில் ரெண்டு இரும்புத் துண்டு ஒட்டினாற்போல் நிற்கும். நூல் அதற்கு நடுவில் போக வேண்டும். நூலில் எங்காவது தடிப்பு வந்தால் கண்ணில் மாட்டும். அறும். டிரம் நிற்கும். ஓட்டுகிறவர்கள் தடிப்பைப் பிய்த்து இடுப்புப் பையில் போட்டுவிட்டு, ரெண்டு நுனியையும் முடிச்சுப் போட்டு ஓட விடுவார்கள்.

பெரிய மில்களில் இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிறது. இங்கே இன்னும் இரும்புதான்.

அந்தச் சந்தை எவ்வளவு திறக்கலாம் என்று தகடு விட்டுப் பார்த்து ஸ்குரூவை முறுக்குவதுதான் கண் வைப்பது. மயிலாத்தாவின் வேலை அது. விசிறி மாதிரி விரிகிற தகட்டுக் கொத்து ஒன்று அவள் இடுப்பில் சாவியோடு தொங்கும். ஒவ்வொரு தகடும் ஒரு கனம்.

அவள் காங்கேயத்தில் தொடங்கப்போகும் புது யூனிட்டுக்குப் போகிறாள். போவதற்கு முன் கொத்தை யாரிடமாவது கொடுக்க வேண்டும்.

அவளிடம் வேலை கற்று, தங்கள் பக்கத்துக் கண்களைத் தாங்களே வைப்பவர்கள் ரெண்டே பேர். நாச்சிமுத்து ஒருத்தன். ரொம்ப வருஷமாக இருக்கிறான். இன்னொருத்தி செவ்வந்தி. தர்மபுரிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். நேற்று வந்தவள் என்று அவன் சொல்வான். வந்து ஒரு தீபாவளி முடிந்துவிட்டது.

கொத்து எனக்குத்தான் வர வேண்டும் என்று நாச்சிமுத்து எல்லோரிடமும் சொன்னான். அவன் ஆசையில் அது பாதிதான்.

மீதிப் பாதி இது. மயிலாத்தா செவ்வந்தியைக் கண்ணு என்று கூப்பிடுவாள். “சாப்டியா கண்ணு?” “அந்த ஸ்பேனரை எடு கண்ணு.” அவனைக் கூப்பிடும்போது நாச்சிமுத்து. கோபம் வந்தால் நாச்சிமுத்து. சந்தோஷம் வந்தாலும் நாச்சிமுத்து.

மீசையில் நரை விழுந்த ஆள். ரெண்டு பிள்ளைக்கு அப்பன். ஒரே ஒரு கண்ணுக்காக ஏங்கினான். இதை வெளியில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

பொறாமைதான். வேறு பேர் வைத்து மழுப்ப வேண்டாம்.

அன்று காலை எல்லோருக்கும் முன்னாடி வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சவரப் பிளேடை எடுத்தான். நீளவாக்கில் ரெண்டாக ஒடித்தான். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தான். அதுதான் தகடு. அதை விட்டுப் பார்த்துச் செவ்வந்தி பக்கத்துக் கண்களை ஒவ்வொன்றாக இறுக்கினான்.

பேருக்கு நூல் போகும். அவ்வளவுதான்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுக்கா.” செவ்வந்தி மூக்கை உறிஞ்சினாள். “யாரோ கண்ணு வெச்சுட்டாங்க. ஹாஸ்டல்ல அப்பவே சொன்னாளுங்க, இந்த ஓட்டு ஓட்டாதடி, கண்ணு பட்டுரும்னு.”

மயிலாத்தா குனிந்து நின்றுபோன டிரம்மின் கண்ணைப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். மிஷினுக்கு அடியில் பஞ்சு சேர்ந்து கிடந்தது. அதைக் கையால் தள்ளிப் பார்த்தாள்.

நிமிர்ந்தாள்.

“ஆமா கண்ணு. யாரோ வெச்சுத்தான் இருக்காங்க.”

“பாத்தீங்களா! மொளகா சுத்திப் போட்டுரலாமாக்கா?”

“வேண்டாம். நெடி நூல்ல ஏறிரும்.”

நாச்சிமுத்து சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான்.

“உன் பையைக் குடு,” என்றாள் மயிலாத்தா செவ்வந்தியிடம்.

பையில் இருந்ததையெல்லாம் மேஜைமேல் இருந்த கறுப்பு அட்டையில் கொட்டினாள். வெள்ளை நூல் துண்டுகள் ஒரு குவியலாக விழுந்தன.

“நாச்சிமுத்து. இதுல இருக்கற தடிப்பையெல்லாம் பொறுக்கு.”

அவன் வந்தான். பொறுக்கினான். ஒவ்வொரு துண்டாக எடுத்து விரலில் உருட்டினான். கீழே வைத்தான். அடுத்ததை எடுத்தான்.

“என்ன?”

“இல்லீங்க்கா.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணு ரெண்டு இருக்குது. மத்ததெல்லாம் நல்ல நூலுங்க.”

“நல்ல நூலு எதுக்கு அறுந்துச்சு?”

வேலை தெரிந்த ஆளிடம் வேலையைப் பற்றிக் கேட்டால் வாய் சும்மா இருக்காது.

“கண்ணு இறுகிப்போனா நல்லதும் கெட்டதாத்தானுங்க தெரியும்.”

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

மயிலாத்தா தலையை ஆட்டினாள். செவ்வந்தி பக்கத்துக் கோன் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“உருவிப் பாரு.”

உருவினான். முடிச்சு. கொஞ்சம் உருவினான். முடிச்சு. விரல் நகர்ந்த இடமெல்லாம் முடிச்சு தட்டியது.

“ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு வெச்ச கண்ணு,” என்றாள் மயிலாத்தா. “எத்தனை குறை போட்டிருக்குது பாரு.”

“அதுக்குத்தானுங்க சொல்றேன். அந்தப் புள்ளைக்கு அனுபவம் பத்தாது. பாவம், நல்ல புள்ளைதான். ஆனா இந்த வேலைக்கு...”

“இப்ப உன் பை.”

“ஏனுங்க்கா?”

“குடு நாச்சிமுத்து.”

பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஒரு ஆரஞ்சு மிட்டாய்த் தாள் விழுந்தது.

“காலைல இருந்து உன் கண்ணுல ஒண்ணுமே மாட்டலயா?”

“என் நூலு சுத்தமுங்க.”

“அவளுக்கும் உனக்கும் ஒரே பஞ்சு. ஒரே கூடைல இருந்துதான் ரெண்டு பேரும் பாபின் எடுக்கறீங்க.”



மயிலாத்தா அவன் வரிசைக்குப் போனாள். ஒரு டிரம்மை நிறுத்தினாள். கொத்தில் இருப்பதிலேயே தடித்த தகட்டை விரித்து, அவனுடைய கண்ணுக்குள் விட்டாள். தகடு எங்கேயும் உரசாமல் போய் வந்தது.

பின்னாலேயே வந்த செவ்வந்தி எட்டிப் பார்த்தாள்.

“யம்மா! இதுல கெணத்துக் கயிறே போகுமே.”

மயிலாத்தா அவன் கோனிலிருந்து கொஞ்சம் நூலை இழுத்துக் கறுப்பு அட்டையில் சுற்றினாள். நாலு விரலுக்கு ஒரு இடத்தில் நூல் புடைத்திருந்தது. அப்புறம் இன்னொரு இடத்தில்.

“அண்ணா,” என்றாள் செவ்வந்தி, “உங்க நூலு மாசமா இருக்குது.”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். மயிலாத்தாவுக்கும் உதடு துடித்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவளுடைய பகடிக்கு மட்டும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

எப்போது திறந்து வைத்தான்? செவ்வந்தி வந்த பிறகுதான். அவள் இறக்குவதைவிட ஒரு கோனாவது கூட இறக்க வேண்டும். அதற்கு டிரம் நிற்கக் கூடாது. அதற்குக் கொஞ்சம் திறந்தான். அவளும் கை வேகமானாள். இவன் இன்னும் கொஞ்சம் திறந்தான். மயிலாத்தா தகடு விட்டுப் பார்க்கிற நாளில் மட்டும் சரியாக வைத்துவிடுவான்.

“கண்ணு, நீ போய் டீ குடிச்சுட்டு வா,” என்றாள் மயிலாத்தா.

“என் டிரம்முக்கா?”

“நான் பாத்துக்கறேன். போ.”

செவ்வந்தி போனாள். போகும்போது அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மயிலாத்தா கையை விரித்தாள்.

உள்ளே பிளேடு. ரெண்டு பாதியும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, மேலே பஞ்சு படிந்து கிடந்தது.

“அவ மிஷினுக்கு அடியில இருந்துச்சு. அந்தப் பக்கம் ஓட்டறது பூராப் பொம்பளைங்க.”

நாச்சிமுத்துவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அன்று காலைதான் மழித்திருந்தான். வழவழவென்று இருந்தது.

“மேனேஜர்கிட்டச் சொல்லீருவீங்களா?”

“சொன்னா கண்ணு சரியாயிருமா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். 

“அவளையே கூப்புடறீங்க,” என்றான். குரல் அவனுக்கே கேவலமாக இருந்தது. “எந்நேரமும் அவளையே. நான் எத்தனை வருஷமா உங்க பின்னாடி ஸ்பேனர் தூக்கிட்டு நடக்கறேன். எனக்கு என்னக்கா குறை?”

“உனக்குத் தெரியலயா?”

“அவகிட்டத்தானுங்க எல்லாக் குறையும் இருக்குது. முடிச்சு நீளமாப் போடறா. பாபினை ஒழுங்கா மாட்டறதில்ல. சிரிச்சுச் சிரிச்சுப் பேசறா. டீக்குப் போனா வர்றதில்ல. அவ நடக்கறதே...”

நிறுத்தினான்.

“சொல்லு,” என்றாள் மயிலாத்தா. “இன்னும் வருமே. நல்லா மாட்டுது உனக்கு.”



மயிலாத்தா இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினாள். தகட்டுக் கொத்தைத் தனியாகப் பிரித்தாள். அவன் மிஷின்மேல் வைத்தாள். டக் என்று ஒரு சத்தம்.

“வேணுமா?”

“வேணுங்க.”

பொய் சொல்லவில்லை. அதுவரைக்கும் நல்லது.

“அவளுக்கு எந்தத் தகட்டுல வெச்சியோ அதே தகட்டுல உன் பக்கத்துக்கும் வை. ஷிப்ட் முடியற வரைக்கும் ஓட்டு. ஓட்டிட்டு இதை எடுத்துக்க.”

“அதே பிளேடுலயாங்க?”

“அதேதான்.”

“அக்கா, ஒரு டிரம்கூட ஓடாதுங்க.”

“அவ ஓட்டுனாளே.”

“எல்லா டிரம்முக்குமா?”

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒண்ணுக்கு வை. ஒண்ணே ஒண்ணு போதும்.”

பிளேடை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

“போ கண்ணு.”

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தான். செவ்வந்தி வந்துவிட்டாளா என்று. வரவில்லை. அங்கே வேறு யாரும் இல்லை.

மயிலாத்தா எதிர் வரிசைக்குப் போய்ச் செவ்வந்தியின் கண்களைத் திறக்க ஆரம்பித்தாள். தகடு இல்லாமலேயே. கைக்கு அளவு தெரியும் போல.

நாச்சிமுத்து தன் முதல் டிரம்முக்கு முன்னால் போய் நின்றான். அந்த வரிசையிலேயே அதுதான் நன்றாக ஓடும். காலையிலிருந்து ஒருமுறைகூட நூல் அறுந்து நிற்கவில்லை. யாராவது பார்க்க வந்தால் அதைத்தான் காட்டுவான்.

கண் வைக்க வேண்டுமென்றால் முதலில் டிரம்மை நிறுத்த வேண்டும்.

ஓடுகிற நூலில் விரலை லேசாக வைத்தான். ஒரு தடிப்பு விரலைத் தட்டிவிட்டு மேலே போனது. கோனில் ஏறிக்கொண்டது. இன்னொன்று தட்டியது. அதுவும் ஏறியது.

“என்னண்ணா,” என்று பின்னால் குரல் கேட்டது. செவ்வந்தி வாயில் பன்னோடு நின்றாள். “கண்ணு வைக்கப் போறீங்களா?”

கொத்து மிஷின்மேல் இருந்தது. எட்டி எடுக்கிற தூரம். பிளேடு கைக்குள் சூடாகிவிட்டது. நிறுத்துகிற கைப்பிடிமேல் அவனுடைய மற்றக் கை இருந்தது.

அழுத்த வேண்டியதுதான்.

டிரம் ஓடிக்கொண்டே இருந்தது.