ராஜாவின் தாடியில் நீல மணல்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைச் செங்கோடன் என்று ஒரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்பதைவிட, தட்டிக்கொண்டே இருந்தார் என்று சொல்லலாம். எழுந்தால் மெத்தையைத் தட்டுவார், உட்காருமுன் சிம்மாசனத்தைத் தட்டுவார். எல்லாம் மணல். மூன்று வருடமாக மேற்குக் காற்று கொண்டுவந்து கொட்டி, கோட்டைக்கு வெளியே மேடு மேடாக ஏறிவிட்டது. ஒரு நாள் சோற்றில் நறநறவென்று கடிபட்டதும் தட்டைத் தள்ளிவிட்டார்.

"எங்கேயிருந்துய்யா வருது இந்த மணல்?"

அரண்மனைக் கண்காணி அழகநம்பி இதற்குத்தான் காத்திருந்தார். அவர் கொடுத்த பட்டுத் துணியை ஒதுக்கிவிட்டு, சாயக்காரி சிலம்பாயி தோய்த்த நீலத் தலைப்பாகையை ராஜா கட்டிக்கொண்ட நாள் முதல் கண்காணிக்கு அவள்மேல் வயிற்றெரிச்சல்.

"மேற்கே சாயக்குடி இருக்கே, மகாராஜா. துணி உலர்த்த நிலத்தை மொட்டையடிச்சுட்டாங்க. அங்கிருந்துதான் வருது."

"பத்து நாளில் காலி பண்ணச் சொல்."

மறுநாளே சிலம்பாயி சபைக்கு வந்து நின்றாள். முழங்கை வரை நீலம். அவளுக்குப் பதற்றமாகத்தான் இருந்தது. நாற்பது வீடு. வீட்டுக்கு ஒரு சாயத்தாழி, கழுத்தளவு மண்ணில் புதைந்திருக்கிறது. தோண்டினால் உடையும். உடைந்தால் பிழைப்பு போச்சு.

"பத்து நாள் இருக்கில்ல ராசா? மணலையே கேட்டுப்பார்ப்போம்."

"மணல் பேசுமா?"

"சாயம் பேசும். எங்க குடி ஓரத்து மணலுக்கு மஞ்சள் தோய்க்கிறேன். மேற்கே வறண்டு கிடக்கிற ஆத்து மணலுக்கு அவுரி நீலம். வண்டி வண்டியா ரெண்டு இடத்திலும் கொட்டுவோம். அரண்மனைக்குள்ள எது வருதுன்னு பாருங்க. கொட்டுறது, காவல் காக்குறது எல்லாம் கண்காணி ஐயாவே செய்யட்டும்."

"மஞ்சள் வந்தா?" என்றார் அழகநம்பி.

"அன்னைக்கே கிளம்பிடுறோம்."

காற்று ஓயவில்லை. அரண்மனையில் விழுவதைப் பார்க்கும் வேலையையும் ராஜா அழகநம்பியிடமே விட்டுவிட்டு, வழக்கம்போல் பாராமலே தட்டிக்கொண்டிருந்தார். சிலம்பாயி தினமும் கோட்டைப் பக்கம் பார்த்தபடி, கிளறத் தேவையில்லாத தாழியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் சபை கூடியது. அழகநம்பி ஒரு வெள்ளித் தட்டோடு வந்தார். தட்டு நிறைய மஞ்சள் மணல், மாங்கனி மாதிரி பளபளவென்று.

"மகாராஜா கட்டிலடியில் கூட்டி அள்ளினது."

ராஜா அவளை முறைத்தார். "என்னம்மா சொல்ற?"

சிலம்பாயி ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தாள். "நல்ல நிறம். ஐயா, இது பத்து நாள் வெயிலில் கிடந்துச்சா?"

"பின்னே?"

"அப்ப எங்க குடி ஓரத்துல மிச்சம் கிடக்கிறதையும் அள்ளிட்டு வரச் சொல்லுங்க ராசா."

குதிரைக்காரன் போய் அள்ளி வந்தான். சாதாரண மணல். மஞ்சள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"மஞ்சள் சாயம் வெயிலில் மூணு நாள் தாங்காது. எங்க குடியில எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு பளபளப்பா இருக்குன்னா, கொட்டின அன்னைக்கே எடுத்துப் பெட்டியில வச்சிருக்கணும்."

அழகநம்பி தட்டைக் கீழே வைத்தார்.

ராஜா விடவில்லை. "வெளுத்துப்போனா உன் மணல் வந்ததே எங்களுக்குத் தெரியாதே?"

"ஒரு கைப்பிடி வந்திருக்கும் ராசா, இல்லைங்கல. ஆனா நீலம் வெளுக்காது. உங்க தாடியை உதறுங்க."

ராஜா உதறினார். மடியில் நீலமாக உதிர்ந்தது. திரைச்சீலையைத் தட்டினார்கள், நீலம். அழகநம்பியின் மீசையிலும் நீலம்.

"மலையில கல்லு உடைஞ்சு, உருண்டு, தேஞ்சு மணலாகுது. ஆறு அதைச் சுமந்து கொண்டாந்து போடுது. தண்ணி ஓடினவரைக்கும் ஈரமா அடங்கிக் கிடந்துச்சு. மூணு வருசம் முன்னால நீங்க படகு விடுற ஏரிக்காக ஆத்தை மறிச்சீங்க. காய்ஞ்சதைக் காத்து அள்ளிட்டு வருது."

ராஜா அழகநம்பியைப் பார்த்தார். ஏரி யோசனையைச் சொன்னது யார் என்று அவருக்கு நினைவு வந்தது. யோசனையைக் கேட்டு ஆடியது யார் என்பதும்தான்.

"தப்பு என்மேலயும் இருக்கு. உனக்கு என்ன வேணும், கேள்."

"ஏரி மதகைத் திறந்து ஆத்துல தண்ணி விடுங்க."

"மேடெல்லாம் போயிடுமா?"

"இருக்கிறது இருக்கும் ராசா. புதுசா வர்றது குறையும், அவ்வளவுதான்."

சாயக்குடி இருந்த இடத்திலேயே இருந்தது. மதகைத் திறந்து, அழகநம்பியை அதற்குக் காவலாக்கினார் ராஜா. பழைய மேட்டிலிருந்து எப்போதாவது ஒரு நீல மணல் துகள் சோற்றில் வந்து விழும். ராஜா திட்டமாட்டார். அதை விரல் நுனியில் எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, "மதகு திறந்துதானே இருக்கு?" என்பார். சாப்பாடு முடிவதற்குள் ஆள் போய் அழகநம்பியிடம் சொல்லிவிடுவான். வெயிலானாலும் காற்றானாலும் அவர் மதகு திறந்திருக்கிறதா என்று பார்க்க ஓடுவார்.