தோல் பிடிக்காத சீஸ்

அயர்லாந்தின் மேற்குக் கடலோரம் அது. மழை விட்டால் காற்று, காற்று விட்டால் மழை. ஆட்களைவிட மாடுகள் அதிகம். அங்கே கறந்த பாலை ஆலை வண்டியில் ஏற்றிவிடுவதோடு சரி. தன் பண்ணையிலேயே சீஸ் செய்து பார்ப்போம் என்று முதலில் துணிந்தவள் நோரா.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் டெர்மட். அவளைவிட இருபது வயது மூத்தவர். முப்பது வருஷம் கலங்கரை விளக்கத்தைக் காத்த மனுஷன். கண்ணாடியில் ஒரு விரல்ரேகை தெரிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மனைவி ஈலிஷ் செத்த பிறகு மிச்சம் இருப்பது இரண்டு பசுக்கள்தான்.

அன்று ஒரு சீஸைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். செய்து பத்து நாள் ஆகியும் அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"மூணாவது தடவை, நோரா. தோல் பிடிக்கவே மாட்டேங்குது. உங்க சீஸ் மாதிரி சிவந்து, பிசுபிசுன்னு, தெருவே நாற வேண்டாமா? என் பால்ல என்ன குறை?"

"பால்ல குறையில்ல. எப்படி வெச்சிருக்கீங்க?"

"தினமும் சீஸ் வெக்கிற அறையை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்க்கிறேன். ஒண்ணை ஒண்ணு தொடாம முழம் தள்ளி வெக்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் புதுத் துணி."

பெருமையாகத்தான் சொன்னார் பாவம்.

"அந்த அறைக்கு வேற யார் வருவாங்க?"

"அறையை விடுங்க, வீட்டுக்கே யாரும் வர்றதில்ல." குரல் இறங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமை மாட்டு வியாபாரி வர்றான். ரெண்டு பசுவையும் கொடுத்துடலாம்னு இருக்கேன். பால் வீணாப் போறதை எத்தனை நாள் பாக்கறது? ஆனா அதுங்களும் போயிட்டா, அந்த வீட்டுல நான் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு உயிர் கிடையாது."

நோரா எழுந்தாள். சீஸைத் தூக்கிக்கொண்டு அவரை நிலவறைக்கு அழைத்துப் போனாள்.

பலகைகளில் பழைய சீஸ்கள், சந்தையில் கூடிய கிழவர்கள் மாதிரி தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நாற்றம் மூக்கைத் துளைத்தது. உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துணி பழுப்பாகிப் போனது. அதே துணியை டெர்மட்டின் சீஸ்மேல் வைத்தாள்.

"ஐயையோ! அது அழுக்குத் துணி, நோரா!"

"அழுக்குதான்." அழுத்தித் துடைத்தாள். "கிழடுகளைத் துடைச்ச துணியாலதான் புதுசைத் துடைக்கணும். அதுங்க மேல இருக்கற நல்ல கிருமி இதுல ஒட்டினாத்தான் தோல் பிடிக்கும்."

இரண்டு பழைய சீஸ்களை நகர்த்தி, நடுவே அதை இடுக்கி வைத்தாள்.

டெர்மட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சரி, உங்க முதல் சீஸை எந்தத் துணியால துடைச்சீங்க? அப்ப இந்தப் பக்கம் சீஸ் செய்ய வேற ஆளே இல்லையே!"

நோரா துணியைப் பிழிந்தாள்.

"யாருமில்லதான். காத்துல வர்றது தானா வந்து ஒட்டட்டும்னு கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நாலு வருஷம். செஞ்சதையெல்லாம் பன்னிக்குப் போட்டேன். பேசினதும் பன்னிகிட்டதான்."

ஈரத் துணியை அவர் கையில் கொடுத்தாள்.

"வியாபாரியை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. உங்க சீஸைத் தினமும் துடைக்கணும், நாளைக்கும் வாங்க. நான் பட்ட அந்த நாலு வருஷம் உங்களுக்கு எதுக்கு, டெர்மட்?"